"பிள்ளைய அங்க அனுப்பலாமா சேர்?"



போன கிழமை அஸர் தொழுதுவிட்டுப் பள்ளியால் வெளியே வரும்போது ஒரு வாப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். மகன் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்திருக்கிறான். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்குப் போடுவோம் என்று மனைவி சொல்கிறாவாம். மச்சான்மார் வேண்டாம் என்று நிற்கிறார்களாம். "நீங்க அங்க படிச்ச ஆள்தானே சேர். பிள்ளைய அங்க அனுப்பலாமா? ஈமானுக்கு ஏதும் வந்துராதா?"

நின்ற நிலையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இதே யோசனையில் இருக்கும் வேறு பெற்றோரும் இருப்பீர்கள், அதனால் இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அங்கே போனது 1984இல், ஆறாம் ஆண்டுக்கு. வாப்பாவுக்கு மட்டக்களப்பு பஸாரில் சின்னப் புடவைக்கடை. அவரிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். "சிலுவை போட்ட ஸ்கூலுக்கா பிள்ளைய அனுப்புறீங்க?" என்று கேட்டவருக்கு வாப்பா சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் இன்றும் ஓடுகிறது: "அது மீக்காயீல் அலைஹிஸ்ஸலாம்ட பேர்தானே காக்கா. நமக்கும் அவர் மலக்குத்தானே." கேட்டவர் வாயை மூடிவிட்டார். வாப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் கடைக்காரர், கதைக்கத் தெரியும்.

1873இல் தொடங்கிய பாடசாலை அது. பிறகு யேசு சபைப் பாதிரிமார் நடத்தினார்கள். நான் போவதற்கு முன்பே அரசாங்கம் பொறுப்பெடுத்துவிட்டது. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் அது "ஃபாதர்மார்ர ஸ்கூல்"தான்.

காலையில் கல்லடிப் பாலத்தால் பஸ் போகும்போது பாலத்து இரும்பு கடகடவென்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் வயிற்றைக் கலக்கும், வீட்டுவேலை செய்யாத நாள் என்றால் இன்னும் கலக்கும். காலைக் கூட்டத்தில் அவர்கள் செபம் சொல்லும்போது நாங்கள் பேசாமல் நிற்போம். உம்மா சொல்லித் தந்திருந்தா: "அவங்க ஓதக்குள்ள நீ மனசுக்குள்ள ஃபாத்திஹா ஓது." ஓதினேன். எட்டாம் ஆண்டு வரும்போது அவர்களுடைய செபம் எனக்கு முழுதும் பாடம். எனக்குப் பக்கத்தில் இருந்த கத்தோலிக்கப் பையனுக்கு ஃபாத்திஹாவில் பாதி பாடம், அதுவும் மஹ்ரஜ் எல்லாம் பிழையாக. சமய பாடத்துக்கு மணி அடித்தால் வகுப்பு மூன்றாகப் பிரியும், நாங்கள் மௌலவி சேரிடம் போவோம். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் பழையபடி ஒரே வகுப்பு.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை இல்லை. பெயர் போடவில்லை, அவனுக்கு விருப்பம் இருக்காது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு லீவு. எங்களுக்கு அது இல்லை, மே மாத வெயிலில் நோன்போடு பள்ளிக்கூடம் போனோம். அவன் என் முன்னாலேயே கடகடவென்று தண்ணீர் குடித்துவிட்டு "ஆ... குளிர்!" என்பான். ஒரு நாள் பந்தயம் கட்டித் தானும் நோன்பு பிடித்தான். பதினொரு மணிக்கு ஐஸ்பழக்காரனோடு நோன்பு முடிந்தது. ஆனால் பின்னேரம் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து, ஒன்றுமே நடக்காதவன் மாதிரி எங்களோடு இருந்து பாங்கு சொல்லும் வரை பார்த்திருந்து கஞ்சி குடித்தான். உம்மா அவனுக்கு இரண்டாம் கோப்பையும் ஊற்றினா. நத்தாருக்கு அவன் அம்மா எனக்கென்று கேக்கைத் தனித் தட்டில் வைத்துத் தருவா. "இதில ஒண்டும் இல்ல மகன், நம்பிச் சாப்பிடு" என்று ஒவ்வொரு வருடமும் சொல்லுவா.

பாடசாலை என்றால் கூடைப்பந்து. எனக்கு உயரம் ஐந்தடி நாலங்குலம், ஆகவே எனக்குக் கிடைத்தது பந்து பொறுக்கும் உத்தியோகம். பயிற்சி தந்தவர் ஹீபர்ட் பாதர். அமெரிக்காவில் லூசியானாவில் பிறந்தவர், இருபத்தைந்து வயதளவில் இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். அகில இலங்கை மட்டத்தில் விளையாடிய எத்தனையோ பேர் அவர் கையால் வந்தவர்கள். வலைக்குள் பந்து போகாவிட்டால் அவர் போடும் சத்தம் வாவிக்கரை வரை கேட்கும். நீ யார், எந்த ஊர், என்ன சமயம் என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. பந்தை ஏன் கீழே விட்டாய் என்றுதான் கேட்பார்.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல வரவில்லை. பஸ் நிலையத்தில் "சோனி" என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். நாங்களும் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம், அதை வீட்டுக்குள் பெரியவர்களும் சொன்னார்கள். ஆனால் பெயரைத் தெரிந்த ஒருவனைப் பட்டப்பெயரால் மட்டும் வெறுப்பது கஷ்டம்.

பிறகு 1990. நான் ஏ.எல். வகுப்பு. ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. ஓகஸ்ட் 3 இரவு இஷாத் தொழுகையில் எங்கள் ஊர்ப் பள்ளிகளில் நடந்ததை உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. நூற்றுக்கும் மேல் ஜனாஸாக்கள். என் வயதுப் பிள்ளைகளும் அதில். ஒன்பது நாளில் ஏறாவூர். அதற்கு மூன்று நாள் கழித்து, ஓகஸ்ட் 15, வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வந்துகொண்டிருந்த ஹீபர்ட் பாதரும் அவரோடு வந்த இளைஞரும் காணாமற் போனார்கள். இன்றுவரை அவர்கள் திரும்பவில்லை. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எங்கள் பக்கத்துக் கதையில் குற்றவாளி அவர்கள், அவர்கள் பக்கத்துக் கதையில் நாங்கள். அந்த மனிதருக்காக உட்கார்ந்து அழக்கூட எனக்கு அப்போது மனம் வரவில்லை. எங்கள் மையித்துகளே கண் முன்னால் நின்றன.

நான் மிக்கேலுக்குத் திரும்பிப் போகவில்லை. ஊர்ப் பாடசாலையில் படித்துப் பரீட்சை எழுதினேன். என் இரசாயனவியல் கொப்பி அவனிடம் இருந்தது. கொப்பியைவிட எனக்கு வலித்தது வேறு. இவ்வளவு நடந்தும் அவன் ஒரு வார்த்தை கேட்டு வரவில்லையே. கஞ்சி குடித்த வீடுதானே. ஒரு கடிதம் போட முடியாதா? அந்தக் கோபத்தை நான் நாலு வருடம் வளர்த்தேன்.

1994இல் ஒரு பின்னேரம் அவன் கொப்பியோடு வந்தான். அட்டையை எலி அரித்திருந்தது. உம்மா அவனைக் கண்டதும் அழுதா. தேத்தண்ணி வந்தது. நான் முகம் கொடுக்காமல் இருந்தேன். உம்மாதான் கேட்டா, "அண்ணன் எப்படி மகன் இரிக்கார்?" என்று. அவன் கோப்பையைக் கீழே வைத்தான். 1990 செப்டெம்பரில் அண்ணனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்றான். முகாம் முகாமாகத் தேடியும் இல்லை. அம்மா இன்னும் வாசற்கதவைப் பூட்டாமல் படுக்கிறா என்றான்.

நாலு வருடம். அவன் என்னைத் தேடி வரவில்லை என்று நான் எண்ணிக்கொண்டிருந்த அதே நாட்களில் அவன் அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் என்ன என்று நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் இடையில் ஆறு கிலோமீற்றர்கூட வராது.

புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயத்தில், ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகள். அந்தக் கூட்டத்தின் தலைவன் நம்முடைய ஊரில் பிறந்தவன். எனக்கு அவனுக்கு கோல் எடுக்க வெட்கம். போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். எதைச் சொல்வது? பதினொரு நாள் அப்படியே போனது. கடைசியில் அவன்தான் எடுத்தான். "என்ன மச்சான், செக்கிங் எல்லாம் கடுமையாமே. பிள்ளைகள் பயந்து போயிட்டுகளா?" நான் பேச முடியாமல் இருந்தேன். "மறுகா நீ ஏன்டா எடுக்கல்ல? திரும்பவும் நாலு வருசம் இருப்பம் எண்டு நினைச்சயா?" என்று ஏசினான். ஏச்சு வாங்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

இனி, கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

நானே முஸ்லிம் பாடசாலையில் படிப்பிக்கிறவன். நல்ல பிள்ளைகள் எல்லாம் நகரத்துக்குப் போனால் எங்கள் வகுப்புகள் என்னாகும் என்ற கவலை எனக்கும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் போன மாதம் என் பதினோராம் தர வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன்: ஒரு தமிழ்ப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தவர்கள் கை தூக்குங்கள். முப்பத்தெட்டுப் பேரில் இரண்டு கை. அந்த இரண்டு பேரும் வாப்பாமாரின் வியாபாரத்தால் போனவர்கள். கடலும் ஒன்று, வாவியும் ஒன்று, பேசுகிற மொழியும் ஒன்று. இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த ஊர்க்காரனைத் தெரிவது போனில் வரும் வீடியோக்களால் மட்டும்.

ஈமான் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு தீனைத் தந்தது வீடு. சுபஹுக்கு எழுப்பியது வாப்பா. உங்கள் வீட்டில் அது இருந்தால் காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசாமல் நிற்பதால் ஒன்றும் குறையாது. வீட்டில் அது இல்லையென்றால் நம்முடைய பாடசாலைக்கு அனுப்பியும் நாங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு எப்படி விடுவார்கள், இஸ்லாம் பாடத்துக்கு இப்போது ஆசிரியர் இருக்கிறாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். தகப்பனுக்கு அந்த உரிமை இருக்கிறது. அனுப்பினால், அவன் கூட்டாளிமாரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். கஞ்சி ஊற்றுங்கள். அவர்கள் வீட்டுக்கும் அவனை விடுங்கள்.

இதில் முக்கால்வாசியை நேற்றிரவு அந்த வாப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அப்ப சேர், காலம்புற பஸ் எத்தனை மணிக்கு?"