படித்துறை இல்லாத கால்வாய்

பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை பக்கிங்காம் கால்வாய் சுமார் 420 கி.மீ. ஆந்திரப் பகுதி எனக்குப் பழக்கமில்லை. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வெட்டிய துண்டில், விறகுத் தோணிகள் ஒதுங்கிய இடத்தில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. முட்டுக்காட்டில் 1984 முதல் படகுச் சவாரி உண்டு. ஏறிய இடத்திலேயே இறங்க வேண்டும்.

கோவளத்துக்குத் தெற்கே வந்தால்தான் எனக்குக் கால்வாய். பாரதிதாசன் நண்பர்களோடு படகில் போய் ‘மாவலிபுரச் செலவு’ பாடிய வழி. மேற்கே பையனூர்ப் பக்கம் எங்கள் ஊர், கடல் அக்கரையில். மாசி மகத்துக்கு முந்தின நாள் பெரியப்பாவோடு தோணியில் கடப்போம். கரை எங்கும் ஒரேமாதிரிதான் தெரியும். தோணிக்காரர் கழியை ஊன்றி ஊன்றிப் பார்ப்பார்: சேறு கழியைப் பிடித்துக்கொண்டால் தள்ளிப் போவார், மணல் ‘நறுக்’கென்றால் அங்கே முளையடிப்பார். நான் கயிற்றை இறுக்கினால் அதட்டுவார். “தம்பி, கொஞ்சம் தளர விடு. தண்ணி வடிஞ்சா தோணி சாஞ்சுரும்.” முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் ஏற்றம் கால்வாய்க்குள்ளும் வரும், அதைக் கணக்குப் பார்த்துத்தான் கட்டுவார்.

மாமல்லபுரக் கடற்கரையில் இருளர் குடும்பங்கள் சேலைகளைக் கட்டிக் கூடாரம் போட்டிருப்பார்கள். விடியலில் மணலில் படிகள் பிடித்து, பூ வைத்து, கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பெண் கேட்பதும் தாலி கட்டுவதும் அங்கேயே நடக்கும். வெயில் ஏறுமுன் கிளம்ப வேண்டும் என்பார் பெரியப்பா. ஒரு வருஷமும் கிளம்பியதில்லை. பொரியும் கரும்புமாகத் திரும்பும்போது தோணிக்காரர் தூங்கி எழுந்திருப்பார்.

பிறகு சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், பாலாறு, மரக்காணத்து உப்பளம், அத்தோடு முடிந்தது.

1965-66 புயல்கள் சரக்குப் போக்குவரத்தை முடக்கின என்பார்கள். புயல் உடைத்ததைச் செப்பனிட்டிருக்கலாம். பாலமும் லாரியும் வந்ததும் யாருக்கும் அந்த அவசரம் இல்லை. துறைகள் தூர்ந்தன, கால்வாய் ஊரின் கொல்லைப்புறமானது. நான் இப்போது குடியிருக்கும் பெங்களூரு ஜீவனஹள்ளியைச் சுற்றியும், ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய்க்கு இருபுறமும் சுவர்தான். உள்ளே என்ன ஓடுகிறதென்று எட்டிப் பார்ப்பவர் இல்லை.

2008இல் பக்கிங்காம் கால்வாயைத் தேசிய நீர்வழி 4இல் சேர்த்தார்கள். ஆழப்படுத்துவதைப் பற்றியே பேச்சு. அதற்கு முன் ஊருக்கொரு படித்துறை கட்டுங்கள். பிள்ளைகள் இறங்கிக் கால் நனைக்கிற இடத்தில் சாக்கடைக் குழாயை விட எந்த ஊரும் சும்மா சம்மதிக்காது.