ஏழின் இடத்தில் ஒன்று

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு பில் போடும் ஆப் செய்து கொடுத்திருந்தோம். கொடுத்த மூன்றாம் நாளே போன் வந்தது. கடையில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிற அண்ணன்தான் பேசினார். "தம்பி, உங்க ஆப்புல தொகை தப்புத் தப்பா விழுதுங்க. ஆயிரத்து நானூத்தம்பது போட்டா ஏழாயிரத்து நானூத்தம்பதுன்னு நிக்குது."

புரோகிராம் எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு போன் வந்தால் முதலில் சந்தேகப்படுவது தான் எழுதியதைத்தான். தொகையைச் சேமிக்கிற இடம், கூட்டுகிற இடம், வரி போடுகிற இடம் எல்லாவற்றையும் இரண்டு நாள் துழாவினேன். ஒன்றும் சிக்கவில்லை. அடுத்து நான் செய்தது, இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது: வயசானவர், டச் ஸ்கிரீன் பழக்கமில்லை, அழுத்தத் தெரியவில்லை என்று மனசுக்குள் கேஸை மூடிவிட்டேன்.

மூடின கேஸைத் திறந்தது அவர் எழுதி வைத்திருந்த ஒரு துண்டுச் சீட்டு. தவறிய பில்களை எல்லாம் வரிசையாக எழுதி, சரியான தொகையைப் பக்கத்தில் போட்டு, வாட்ஸாப்பில் படமாக அனுப்பியிருந்தார். 1450 என்பது 7450. 720 என்பது 180. 2560 என்பது 8560. 345 என்பது 945. படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது. நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. தவறியதெல்லாம் ஒன்றுக்கு ஏழு, இரண்டுக்கு எட்டு, மூன்றுக்கு ஒன்பது, அல்லது அதன் மறுதலை. கை நடுங்குகிறவர் போடும் பிழை இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

மறுநாள் பஸ் ஏறி ஈரோடு போனேன். அவர் மேசையில் ஒரு பெரிய கால்குலேட்டர். பொத்தான்களில் எண்கள் பாதி அழிந்திருந்தன. கண் சீட்டில், இடது கைவிரல் சீட்டின் வரியில், வலது கை மட்டும் கால்குலேட்டர் மேல் ஓடுகிறது. ஒரு தடவையும் குனிந்து பார்க்கவில்லை. கால்குலேட்டரில் மேல் வரிசை 7, 8, 9. என் ஆப்பில் தொகைப் பெட்டியைத் தொட்டால் எழும்பி வருகிற எண் கீபோர்டில் மேல் வரிசை 1, 2, 3. நடு வரிசை இரண்டிலும் ஒன்றுதான். அவர் விரல் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

இதைச் சரிசெய்ய ஒரு வரி போதும் என்று நினைத்தேன். கீபோர்டு விஷயத்தில் ஆப் எழுதுகிறவனின் அதிகாரம் எவ்வளவு என்பது அங்கேதான் தெரியும். ஐபோனில் 'நம்பர் பேட்' வேண்டும், 'டெசிமல் பேட்' வேண்டும், 'போன் பேட்' வேண்டும் என்று கேட்கலாம். ஆண்ட்ராய்டில் 'இன்புட் டைப்' என்ற இடத்தில் நம்பர் என்று போடலாம். ஆனால் ஆண்ட்ராய்டில் அது கட்டளை கிடையாது, விண்ணப்பம். போன்காரர் எந்தக் கீபோர்டை ஏற்றி வைத்திருக்கிறாரோ அது தன் விருப்பப்படி வரைந்து தரும். ஐபோனின் நம்பர் பேடில் 'முடிந்தது' என்கிற பொத்தான்கூட இல்லாமல், அதற்கென்று மேலே ஒரு பட்டையை நாமே கட்டி ஒட்ட வேண்டியிருக்கும். இந்த இரண்டு இடத்திலும் "7-8-9 மேலே வரட்டும்" என்று கேட்க ஒரு வழியும் இல்லை. இத்தனைக்கும் அதே போனில் இருக்கிற கால்குலேட்டர் ஆப்பைத் திறந்தால் 7-8-9 மேலே இருக்கிறது. ஒரே கண்ணாடி, ஒரே விரல், இரண்டு வரிசை.

ஏன் இப்படி? வேலையை விட்டுவிட்டு இதன் பின்னால் போனேன்.

தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவரிடம் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. "கணக்குப்பிள்ளைங்க கால்குலேட்டர் வேகத்துல நம்பரை அடிச்சா எக்ஸ்சேஞ்ச் தாங்காது. அதனால வேணும்னே தலைகீழா வச்சான்." கேட்க நன்றாக இருந்தது. டைப்ரைட்டர் எழுத்து வரிசையைப் பற்றியும் இதே அச்சில் ஒரு கதை உலவுகிறது. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பொத்தான் போன் பிறந்த இடம் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். அங்கே மனிதர்களுக்கும் கருவிகளுக்கும் உள்ள பொருத்தத்தை ஆராய்கிற பிரிவை நடத்தியவர் ஜான் கார்லின். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், உளவியல் படித்தவர், வயலினும் வாசித்தவர். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. போன் ஒயரின் நீளத்தைக் குறைத்தால் செம்பு மிச்சம், ஆனால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவாரா என்று கம்பெனிக்குக் கவலை. கார்லின் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சக ஊழியர்களின் மேசையில் இருந்த போன் ஒயரை அவர்களுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலமாக வெட்ட வைத்தார். ஓரடி குறைகிறவரை யாருக்கும் தெரியவில்லையாம்.

இந்தப் பிரிவைச் சேர்ந்த டைனிங்கர் என்பவர் 1960 ஜூலையில் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதைத் தேடிப் பிடித்துப் படித்தேன். பத்து எண்களைப் பத்துக்கும் மேற்பட்ட விதங்களில் அடுக்கி, ஆட்களை உட்கார வைத்து, எத்தனை விநாடி, எத்தனை பிழை என்று அளந்திருக்கிறார்கள். பழைய சுழல் டயலைப் போல வட்டமாக ஒன்று. ஐந்தைந்தாக இரண்டு வரிசை. படிக்கட்டு மாதிரி ஒன்று. கூட்டல் இயந்திரத்தின் 7-8-9 வரிசையும் பந்தயத்தில் இருந்தது. அது முதலிடத்துக்கு வரவில்லை. பல அடுக்குகளுக்கு இடையே வித்தியாசம் மயிரிழைதான். சதுரமாக அடுக்கினால் இடம் குறைவு, செய்வதும் சுலபம் என்பதும் சேர்ந்து 1-2-3 தேறியது. ஆளை மெதுவாக்க நினைக்கிறவர்கள் விநாடிக் கணக்கையும் பிழைக் கணக்கையும் இவ்வளவு பாடுபட்டு அளக்க மாட்டார்கள். உறவினரின் கதை அங்கேயே விழுந்தது.

அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1955-ல், லுட்ஸ், சபானிஸ் என்ற இருவர் இன்னும் எளிமையாக ஒன்றைச் செய்திருந்தார்கள். எண் எழுதாத வெறும் பொத்தான்களின் படத்தைக் கொடுத்து, எந்த எண் எங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், எழுதுங்கள் என்றார்கள். பெரும்பாலோர் புத்தகம் படிக்கிற மாதிரி இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக எழுதினார்கள். நானும் வீட்டில் பத்து வயசுப் பெண்ணிடம் ஒன்பது கட்டம் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். அவளும் 1-ல் ஆரம்பித்து மேல் வரிசையைத்தான் முதலில் நிரப்பினாள்.

அடுத்து 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியாவின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் ஆகிய இரண்டு ஊர்களில் பொத்தான் போன் விற்பனைக்கு வந்தது. அன்றைக்குப் பத்தே பொத்தான்கள். இன்று நாம் போனில் பார்க்கிற நட்சத்திரமும் சதுரக் குறியும் 1968-ல்தான் சேர்ந்தன. கைபேசி வந்தபோது அந்த அடுக்கு அப்படியே வந்தது. கைபேசியில் பொத்தான் போய்க் கண்ணாடி வந்தபோதும் கண்ணாடிக்குள் அதே அடுக்கு.

சரி, 7-8-9 எங்கிருந்து வந்தது? என் கணக்கில் இதுதான் தேடலின் சுவையான பாதி. 1880-களில் சிகாகோவில் டோர் ஃபெல்ட் என்கிற இளைஞர் ஒரு மக்ரோனிப் பெட்டிக்குள் குச்சிகளையும் ரப்பர் வளையங்களையும் வைத்து ஒரு கூட்டல் இயந்திரம் செய்தார். அதுவே பிறகு காம்ப்டோமீட்டர் ஆனது. அதில் ஒன்று, பத்து, நூறு என ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தனி நெடுவரிசை. அடியில் 1, உச்சியில் 9. பொத்தானை அழுத்தினால் ஒரு நெம்புகோல் அந்த எண்ணுக்கு ஏற்ற அளவு நகர வேண்டும், அதற்காக ஏறுவரிசை. உச்சிக்குக் கையை நீட்டுவது சிரமம் என்று தேர்ந்த பெண் ஊழியர்கள் 5-க்கு மேல் போகவே மாட்டார்களாம். 9 வேண்டுமென்றால் 4-ஐயும் 5-ஐயும் அழுத்திவிடுவார்கள்.

இல்லினாய்ஸின் ராக்ஃபோர்டில் டேவிட் சண்ட்ஸ்ட்ராண்ட் 1914 வாக்கில் இத்தனை நெடுவரிசை இல்லாமல் பத்தே பொத்தானில் ஒரு கூட்டல் இயந்திரத்தை வடிவமைத்தார். மூன்று மூன்றாக அடுக்கி, 1-2-3-ஐக் கைக்குப் பக்கத்தில் கீழே வைத்தார், 7-8-9 மேலே போனது. சின்ன எண் கீழே, பெரிய எண் மேலே என்பது காம்ப்டோமீட்டர் காலத்துப் பழக்கத்தின் மிச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கிருந்து கால்குலேட்டருக்கு, அங்கிருந்து கம்ப்யூட்டர் கீபோர்டின் வலது ஓரத்துக்கு, அங்கிருந்து ஈரோட்டு ஜவுளிக்கடை மேசைக்கு.

1968-ல் இங்கிலாந்தில் கான்ராட், ஹல் என்ற இருவர் இந்த இரண்டு வரிசைகளையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். போன் வரிசையில் பிழை 6.4 விழுக்காடு, கால்குலேட்டர் வரிசையில் 8.2. போன் வரிசைதான் ஜெயித்தது, பழக்கமில்லாத கைகளை வைத்துச் சோதித்தபோது. அண்ணனின் கை அந்தச் சோதனையில் இல்லை.

ஆகவே கீபோர்டை நானே வரைந்தேன். ஆண்ட்ராய்டில் பெட்டியைத் தொட்டால் சிஸ்டம் கீபோர்டு எழாதபடி அடக்கிவிட்டு, அந்த இடத்தில் நம் பொத்தான்களை வைப்பது. ஐபோனில் 'இன்புட் வியூ' என்று அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. ஒரு மணி நேர வேலை என்று இறங்கினால் ஒரு வாரம் தின்றது. அழிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து அழிய வேண்டும், சிஸ்டம் கீபோர்டு இதை இலவசமாகத் தந்துகொண்டிருந்தது என்பதே அதை இழந்த பிறகுதான் தெரிந்தது. பார்வையற்றவருக்கு எண்ணை வாசித்துக் காட்ட வேண்டும். அழுத்தியது விரலுக்குத் தெரிய ஒரு சின்ன அதிர்வு வேண்டும். பூஜ்ஜியத்தை நடுவிலிருந்து இடது ஓரத்துக்குத் தள்ளி, பக்கத்தில் இரட்டைப் பூஜ்ஜியம் வைத்தேன். ஜவுளிக்கடையில் இரட்டைப் பூஜ்ஜியம் இல்லாத கால்குலேட்டரை யாரும் தொடமாட்டார்கள். எல்லோருக்கும் அதைத் திணிக்காமல் செட்டிங்ஸில் ஒரு தேர்வாக விட்டேன்.

புதிய ஆப்பை ஏற்றிக் கொடுக்க நானே மறுபடி போனேன். அண்ணன் ஒரு கட்டுச் சீட்டை எடுத்து, குனியாமல் அடித்து முடித்தார். கூட்டுத்தொகை சரி. அடுத்த பெட்டி வாடிக்கையாளரின் போன் நம்பர். அங்கே பழைய 1-2-3 வரிசையே எழுந்தது, அதை மாற்ற மறந்திருந்தேன். அவர் ஒரு விநாடிகூடத் தடுமாறாமல் பத்து எண்ணையும் போட்டார். இதையும் மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்குங்க தம்பி? இது போன் நம்பருங்கள்ல."

அதை மாற்றவில்லை. ஒரே பில்லில் இரண்டு வரிசையும் இருக்கிற அந்த ஆப்தான் இன்றும் அந்தக் கடையில் ஓடுகிறது.