அரை மில்லி

ஆம்பூரில் காலைச் சங்கு ஊதுவதற்கு முந்தைய அரை மணி நேரம் ரோடு முழுக்கத் தொழிலாளர்கள்தான். ஷூ கம்பெனி பஸ்களில் பெண்கள், சாப்பாட்டுப் பை தொங்கும் மொபெட்டுகள், நடுநடுவே பழைய ஆர்எக்ஸ் 100களின் அலறல். 1996இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. இன்னும் இந்த ஊரில் சிலவாவது ஓடுவதற்குக் காரணம், பைபாஸ் ஓரத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர். ஊருக்கு அவர் பாய். எடுபிடிப் பையனுக்கு மட்டும் உஸ்தாத்.

நான் போனபோது தோல் ஷாப்பில் ஷேவிங் மெஷின் ஓட்டுகிற ஒருவர் வண்டியோடு நின்றிருந்தார். "நாலாவது கியர்ல முறுக்கினா மூச்சு வாங்குது, பாய். ஜெட் மாத்தணும்னு சொல்றாங்க." பாய் பதில் சொல்லாமல் ப்ளக்கைக் கழற்றினார். முனை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. "வண்டி பட்டினி கிடக்குது. ஜெட்டுக்கு அப்புறம் வருவோம். டப்பாவுல பெட்ரோல் எவ்ளோ நிக்குதுன்னு முதல்ல பாப்போம்."

டப்பா என்றது கார்பரேட்டரின் அடிக் கிண்ணத்தை. மாடித் தொட்டி நிரம்பியதும் மிதவைப் பந்து குழாயை அடைக்கிறதே, அதே ஏற்பாடுதான் உள்ளே. பெட்ரோல் ஏற ஏற ப்ளோட் உயரும். அதன் பித்தளை நாக்கு நீடிலைத் தள்ளி வழியை அடைக்கும். மட்டம் கூடினால் ப்ளக் கரியாகும், ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டும். குறைந்தால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் ஏறாது, சூடு கூடும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தச் சூடு பிஸ்டனை ஜாம் ஆக்கிவிடும்.

கிண்ணத்தைத் திறக்காமல் அந்த மட்டத்தை எப்படிப் பார்ப்பது? பாயிடம் கிண்ணத்தை வடிக்கத் திறக்கிற பழைய ட்ரெய்ன் போல்ட் ஒன்று இருக்கிறது. நடுவில் துளைத்துச் சிறு பித்தளைக் குழாயைப் பற்றவைத்தது. அதைக் கிண்ணத்தின் அடியில் முடுக்கி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூபைச் செருகி, மேலே தூக்கிப் பிடித்தார். கொத்தனார் சுவருக்குச் சுவர் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபேதான்! வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்க வேண்டும். டேப்பைத் திறந்ததும் டியூபில் பெட்ரோல் ஏறி நின்றது. பையன் டியூபை இன்னும் தூக்கப் போனான். ஒரு அதட்டல். தூக்கினால் டியூபில் இருப்பது கிண்ணத்துக்குள் இறங்கி மட்டத்தைக் கூட்டிவிடும். உள்ளே வந்ததைத் திருப்பி அனுப்ப நீடிலுக்குத் தெரியாது. முதல் தடவை காட்டுவதுதான் கணக்கு.

நன்றாக ஓடிய காலத்தில் இதே கிண்ணத்தின் வெளியே பாய் ஆணியால் கீறி வைத்திருந்த கோட்டுக்கு, இப்போது பெட்ரோல் இரண்டு மில்லிமீட்டர் கீழே நின்றது.

"நீடில் மாத்தினீங்களா?"

"போன மாசம், வேற எடத்துல."

புது நீடில் பழையதைவிட நீளம். அதனால் வழி சீக்கிரமே அடைபடுகிறது. டேப்பை மூடி, கிண்ணத்தைக் கழற்றி, அந்த நாக்கை மூக்குக் குறடால் நீடிலைவிட்டு விலகும் பக்கமாக மெல்ல நெளித்தார். நாக்கு அச்சுக்குப் பக்கத்தில், ப்ளோட் தள்ளி; இங்கே துளி நெளித்தால் அங்கே பல மடங்கு.

"எவ்ளோ வளைச்சீங்க, பாய்?"

"அரை மில்லி இருக்கும்."

நான் சிரித்தேன். மெஷின்காரர் சிரிக்கவில்லை. ஷூவின் மேல்தோல் 1.2லிருந்து 1.4 மில்லிமீட்டர் என்பார்கள். குரோமில் ஊறி நீலமாக வருகிற வெட் ப்ளூ தோலை அவர் மெஷினில் விட்டு அந்தக் கனத்துக்குச் சீவ வேண்டும்; கேஜ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "அரை மில்லி எங்ககிட்ட தப்பினா அந்தத் தோல் அவ்ளோதான், சார்" என்றார் என்னைப் பார்த்து. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெட்ரோலில் கலக்கிற எத்தனாலைப் பற்றி நான்தான் வாயைக் கொடுத்தேன். இப்போது பழைய வண்டிக்கு என்ன வந்தாலும் அதன்மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. பாதி நியாயம்தான். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடை கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். ஆகவே 20 சதவீதம் கலந்தால், பழைய ஜெட் விடுகிற அளவு கொஞ்சம் குறைச்சலாகிறது. போதாததற்கு அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் கிண்ணம் ஒன்றைப் பாய் காட்டினார். அடியில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி. "ஆனா இவர் வண்டிக்கு வந்தது எத்தனால் இல்ல, சார். நீடில்."

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபின் புது வண்டிகளில் பெரும்பாலும் கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்ஷன். பையனுக்கு டியூபைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது வீண் வேலை இல்லையா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கிண்ணத்தை மாட்டி மறுபடி டியூபைப் பிடித்துவிட்டார்கள். பெட்ரோல் கோட்டைத் தொட்டு நின்றது.

தூரத்தில் சங்கு ஊதியது. மெஷின்காரர் வண்டியை உதைத்துவிட்டுச் சட்டைப்பையில் கை விட்டார்.

"இப்ப வேணாம்" என்றார் பாய். "புது ப்ளக் போட்டிருக்கேன். ஓட்டிட்டு சாயந்திரம் வாங்க. அதைக் கழட்டி கலரைப் பாத்துட்டு வாங்கிக்கிறேன்."