ஏரிக்கரையில் கோடை

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் தம் மலைக்குத் திரும்பிய பின்னர், உசிலம்பட்டிச் சீமையில் கண்மாய்கள் ஒவ்வொன்றாக வற்றி, வண்டல் பாளம் பாளமாக வெடித்து, கரையோரப் புளியமரத்து நிழல்கூடச் சுடத் தொடங்கும் நாட்களில், கையில் கொஞ்சம் வசதியுள்ள குடும்பங்கள் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறி, ஏரியை ஒட்டிய ஏதேனும் ஒரு விடுதியில் சில நாட்கள் தங்கிவிட்டு வருவது இப்போது சாதாரண வழக்கமாகிவிட்டது. அந்த நாட்களை எப்படிக் கழிப்பது என்பது பற்றி எனக்குத் திடமான அபிப்பிராயம் ஒன்று உண்டு. நீர் வறண்ட பூமியிலிருந்து நீரைத் தேடிப் போகிறவன், போன இடத்தில் வெறும் பார்வையாளனாக இருந்துவிட்டுத் திரும்பலாகாது.

அந்த ஏரியே நம் மதுரைச் சமவெளியின் வெப்பத்தில் பிறந்ததுதான். இங்கே வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தாக்குப்பிடிக்க மாட்டாமல் தவித்த அமெரிக்கன் மதுரை மிஷன் பாதிரிமார்கள் 1845-இல் மலைமேல் முதன்முதலாக இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு மதுரைக் கலெக்டராயிருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் துரை, 1863-இல், சதுப்பாய்க் கிடந்த பள்ளத்தாக்கில் ஓடிய நீரோடையைக் கரை போட்டு மறித்து ஏரியாக்கினார். அதில் மீன் வளர்த்ததும், தூத்துக்குடியிலிருந்து முதல் படகைத் தருவித்ததும் அவரே. மோட்டார் சாலை இல்லாமல், துரைமாரும் துரைசானிமாரும் பெரியகுளத்துப் பக்கத்து மலைப்பாதையில் குதிரைமீதும், சுமையாட்கள் தோளில் தாங்கிய நாற்காலிகளிலும் ஏறிப்போன காலம் அது. கடற்கரைப் பட்டினத்துப் படகு ஏழாயிரம் அடி உயரத்துக்கு வந்துசேர்ந்ததும் மனித தேகத்தின் பிரயாசையால்தான் இருக்கவேண்டும். 1890-இல் படகுச் சங்கம் ஏற்பட்டது. ஆயினும் வெளியிலிருந்து வருகிற பொதுஜனங்கள் அதில் தற்காலிக அங்கத்தினராகிப் படகு ஓட்டலாம் என்ற அனுமதி 1932 மே மாதத்தில்தான் கிடைத்தது. இத்தனை தாமதமாக நம் கைக்கு வந்த துடுப்பை, வந்த வேகத்தில் கூலிக்கு ஓட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வது எனக்குச் சம்மதமில்லை.

ஆகையால் விடுதியில் தங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது துடுப்புப் படகைத்தான். காலால் மிதிக்கிற பெடல் படகு குழந்தைகளுக்கு உல்லாசமாக இருக்கும். அலங்கரித்த சிக்காராப் படகில் போவது புது மணத்தம்பதிகளுக்கு அழகு. ஆனால் நீரின் கனத்தை மனிதன் தன் தோளால் உணர்வது துடுப்பில் மட்டுமே. முதலில் படகு வட்டமடிக்கும், இரண்டு கைகளும் ஒத்துழைக்காது, எதிரே வரும் படகில் இடிக்கும். சற்று நேரத்தில் வலக்கையும் இடக்கையும் சமாதானமாகி, துடுப்பு விழும் ஓசை சீராகும்போது, அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த குடும்பம் தன்னையறியாமல் மௌனமாகிவிடும். நட்சத்திரம்போல் பல கைகளாக நீண்டு கிடக்கிற ஏரியாதலால், ஒரு முனையில் இருப்பவருக்கு அடுத்த முனை தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் வேறொரு ஏரி புலப்படும். எங்கள் பக்கத்துப் பெண்களை நான் அங்கே கவனித்திருக்கிறேன். தெருக்குழாயடியில் குடத்தோடு காத்து நின்றே பாதி ஆயுளைக் கழித்த அம்மாக்கள், படகின் ஓரத்தில் குனிந்து உள்ளங்கையை நீரில் விட்டு, அதை எடுக்க மனமில்லாமல் கரை சேரும்வரை அப்படியே வருவார்கள். விடுதிக்காரர்கள் ஒவ்வொரு காலையும் ஒரு மணி நேரம் இந்த அம்மாக்களுக்குத் துடுப்புப் போடச் சொல்லிக்கொடுத்தால், எந்த விருந்தும் அதற்கு ஈடாகாது.

ஏரியைச் சுற்றியுள்ள சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர். வாடகைச் சைக்கிளும் குதிரையும் கிடைக்கும். ஆனாலும் விடியற்காலையில், வண்டிகள் வருமுன், நடந்தே சுற்றுவதுதான் உத்தமம்.

மே மாதத்தில் கோடை விழா நடக்கிறது. பிரையண்ட் பூங்காவின் மலர்க் கண்காட்சியும், படகுப் போட்டியும், ஏரியில் வாத்து பிடிக்கும் போட்டியும் பிரசித்தமானவை. நீரில் விட்ட வாத்துக்குப் பின்னால் படகைச் செலுத்தித் துரத்துகிறவர்களைக் கண்டு கரை முழுதும் ஆர்ப்பரிக்கும்போது, எனக்கு எங்கள் பக்கத்து மீன்பிடித் திருவிழாதான் ஞாபகத்துக்கு வருகிறது. இதே கோடையில், கண்மாய் நீர் முழங்காலளவுக்கு இறங்கியதும், ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசி உத்தரவு கொடுக்க, அக்கம்பக்கத்துக் கிராமங்களெல்லாம் ஊத்தாக் கூடையும் வலையுமாகச் சேற்றில் இறங்கி விராலையும் கெண்டையையும் வாரிக்கொண்டு போகும். அன்றைய மீனை விலைக்கு விற்காமல் வீட்டில் குழம்பு வைத்து உறவுமுறையோடு உண்பது பல ஊர்களில் வழக்கம். அங்கே வேடிக்கை பார்ப்பவன் என்று தனியாக ஒருவன் கிடையாது. பாட்டியும் பேத்தியும்கூடச் சேற்றோடுதான் கரையேறுவார்கள். மலைமேல் விருந்தாளிகளுக்காக ஏற்பாடு செய்யப்படுகிற கேளிக்கைகளில் இந்த அம்சம் குறைவாக இருப்பதே என் மனக்குறை.

ஒரு பகற்பொழுதைச் சூரிய ஆராய்ச்சி நிலையத்துக்கு அவசியம் ஒதுக்கவேண்டும். 1899-இல் ஸ்தாபிக்கப்பட்ட அந்நிலையத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-இல் கண்டறிந்ததும் அங்கேதான். வெயிலுக்குப் பயந்து மலையேறிய நம் பிள்ளைகள், அந்தச் சூரியனையே வாழ்நாளெல்லாம் சிரத்தையோடு உற்று நோக்கிய மனிதர்களைப் பற்றி அறிந்துகொள்வது பெரிய லாபம்.

மே மாதத்துப் பிற்பகல்களில் பெரும்பாலும் மழை பிடித்துக்கொள்ளும். ஏரி பனிமூட்டத்தில் மறைந்துவிட, படகுகள் கரையேறிவிட, விருந்தாளிகள் அறைக்குள் போய்த் தொலைக்காட்சியைத் திறப்பார்கள். அப்போது விடுதித் தாழ்வாரத்தில் தாயக்கட்டமும் பல்லாங்குழியும் இருந்து, மலைப்பூண்டு உரிக்கிற சமையற்கார அம்மாளிடம் மலைக்கிராமமான மன்னவனூரின் கதைகளைக் கேட்க வாய்த்தால், அந்த மழைக்காக இன்னும் ஒரு நாள் தங்கலாம்.

2024 மே முதல், உயர்நீதிமன்ற உத்தரவின்படி, இ-பாஸ் பெற்றே வண்டிகள் மலையேற வேண்டியிருக்கிறது. இதைச் சிரமம் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். சின்னஞ்சிறு ஏரி ஒன்று இத்தனை லட்சம் ஜனங்களைத் தாங்கவேண்டியிருக்கையில், இந்தக் கட்டுப்பாடு இன்னும் முன்பே வந்திருக்கலாம் என்பேன். மலையிறங்கும்போது, வெள்ளி அருவியில் வண்டியை நிறுத்தி, பாறையில் இறங்குகிற அந்தத் தண்ணீர் முந்தின நாள் தாங்கள் துடுப்புப் போட்ட ஏரியிலிருந்து வழிந்து வருவதுதான் என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்; ஏரியில் எறிந்த காகிதத்தட்டும் அதே வழியாகத்தான் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.