முதுகும் ஒரு முறுக்கும்

கோல்ப் என்றதும், "அது பணக்காரர்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! இது 60 வயது தாண்டிய ஒரு மனிதரின் முதுகைப் பற்றிய சங்கதி. அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் படித்த பத்திரிகையையே மாலையிலும் படித்துக்கொண்டிருக்கக்கூடும்.

பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக்காரர் 8 மாதம் அப்படித்தான் இருந்தார். பேச்சுக் குறைந்தது. பசி குறைந்தது. பழைய சிநேகிதர் ஒருவர் வந்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் கோல்ப் மைதானத்துக்கு அழைத்துப் போனார். அவ்வளவுதான், மனிதர் மாறிவிட்டார்! விடியற்காலை எழுந்து, தாமே காப்பி போட்டுக் குடித்துவிட்டுக் (பாத்திரத்தைத் தேய்க்காமல்தான்!) கிளம்பிவிடுவார். திரும்பி வந்ததும் வாய் ஓயாத பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்க நான் எவ்வளவு ஏங்கிக் கிடந்தேன் என்பது உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

மூன்றாவது மாதம் முதுகு பிடித்துக்கொண்டது. செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "எலும்பில் கோளாறு இல்லை, தசைப் பிடிப்புத்தான். 6 வாரம் கிளப்பைத் தொடவேண்டாம். பிறகும் இப்படியே ஆடுவதானால் ஆட்டத்தை விட்டுவிடுவதே நல்லது" என்றார். என் காதில் "இப்படியே" என்ற வார்த்தை விழுந்தது. அவர் காதில் "விட்டுவிடுவது" மட்டும்தான் விழுந்தது. மறுபடியும் சாய்வு நாற்காலி! மறுபடியும் பத்திரிகை!

6 வாரம் கழிந்து டாக்டரின் அனுமதி கிடைத்ததும் நானே அவரைப் பயிற்சி மைதானத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். சொல்லிக் கொடுக்கிறவர் எங்கள் பிள்ளை வயதுப் பையன். இவர் கிளப்பை வீசுவதை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "சார், நீங்கள் பந்தை அடிப்பதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். கிளப்பைப் பின்னால் கொண்டு போகிறீர்களே, தொந்தரவு அங்கேதான் இருக்கிறது" என்றார்.

இதைப் பேக்ஸ்விங் என்கிறார்கள். நான் பின்வீச்சு என்று சொல்லிக்கொள்கிறேன். பின்வீச்சிலே பந்தின் மேல் ஒன்றும் படுவதில்லை. ஆனாலும் பந்து நேரே போவதும், கோணிக்கொண்டு போவதும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

துவைக்கிற கல்லில் புடவை துவைத்திருக்கிறீர்களா? வாஷிங் மெஷின் வந்த பிறகு பிறந்தவர்கள் பாட்டியைக் கேட்டுக்கொள்ளலாம். ஈரப்புடவையை வெறும் கையால் தூக்கி அடித்தால் பத்து அடியில் தோள் கழன்றுவிடும். தெரிந்தவர்கள் அப்படிச் செய்வதில்லை. உடம்பு திரும்பும், பாரம் ஒரு காலுக்குப் போகும், பிறகுதான் துணி கீழே இறங்கும். கோல்ப் பின்வீச்சும் கிட்டத்தட்ட அதுவே. ஒரே வித்தியாசம், புடவை தலைக்கு மேலே போகிறது. கிளப் உடம்பைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். தயிர் கடையும்போது மத்து சாயாமல் நின்ற இடத்திலேயே சுழல்கிறதல்லவா? முதுகெலும்புதான் மத்து. தோள்கள் அதைச் சுற்றித் திரும்பவேண்டும்.

எங்கள் வீட்டு மத்து சாய்ந்துவிட்டது! இவர் உடம்பைத் திருப்பாமல் கைகளால் கிளப்பை மேலே தூக்கினார். கிளப் உச்சிக்குப் போகும்போது மார்பு பின்னால் திரும்புவதற்குப் பதிலாக, பந்து போகவேண்டிய திசைப் பக்கமாகவே சாய்ந்தது. அந்தச் சாய்வோடு முழுப் பலத்தையும் போட்டுக் கீழே வீசினால் இடுப்புக்கு மேலே உள்ள பாகம் என்ன பாடுபடும்? போதாததற்கு, இடுப்பை அசைக்காமல் தோளை மட்டும் திருப்பினால் பந்து தூரம் போகும் என்று எதிலோ படித்துவிட்டார். 1990-களில் இந்தக் கொள்கை வெகு பிரபலமாக இருந்தது. இருபது வயதுப் பிள்ளைகளுக்குச் சரி. முப்பத்தைந்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த இடுப்புக்குச் சரிப்படுமா?

வலது கைக்காரர்களுக்கு அந்தப் பையன் சொன்னதைச் சொல்கிறேன். இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் ஒன்றரை அடி தூரம் கிளப்பின் தலை தரையை ஒட்டியே பின்னால் போகவேண்டும். கை, புஜம், தோள் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக நகரவேண்டும். மணிக்கட்டை அவசரப்பட்டு மடக்கக்கூடாது; அது பிறகு தானாக மடங்கும். தோள்கள் ஏறத்தாழ 90 டிகிரி, இடுப்பு அதில் பாதி திரும்பினால் போதும். இடது தோள் முகவாய்க்குக் கீழே வந்து நிற்கும். பாரம் வலது பாதத்தின் உட்பக்கத்தில் இறங்கவேண்டும். வெளி விளிம்புக்குப் போய்விட்டால் உடம்பு திரும்பவில்லை, வெறுமனே நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இவருக்கென்று தனியாக இரண்டு சலுகை கொடுத்தார். பின்வீச்சில் இடது குதிகால் தரையை விட்டு எழும்பட்டும் என்றார்; அப்போது இடுப்பு தாராளமாகத் திரும்பும், முதுகுக்குச் சிரமம் குறையும். இரண்டாவது, முக்கால் வீச்சு போதும் என்றார். முதலாவதற்கு இவர் உடனே சம்மதித்தார். ஜாக் நிக்லஸே குதிகாலைத் தூக்கித்தான் ஆடினாராம். முக்கால் வீச்சு என்றதும் முகம் வாடிவிட்டது. "அரை குறையாக ஆடுவதற்கு ஆடாமலே இருக்கலாம்" என்று காரில் வரும்போது முணுமுணுத்தார்.

அன்று ராத்திரி நான் செய்த காரியம், என் பெண்ணின் உதவியோடு கம்ப்யூட்டரில் படம் தேடியதுதான். ஸ்பெயின் தேசத்து யான் ராம் என்பவர் வலது பாதம் வளைந்து பிறந்தவர். அந்தக் கணுக்கால் இன்றைக்கும் சரிவர மடங்காது. ஆகவே அவருடைய பின்வீச்சு மிகவும் குட்டை. அதை வைத்துக்கொண்டே 2021-ல் அமெரிக்க ஓப்பனும் 2023-ல் மாஸ்டர்ஸும் ஜெயித்தார். ஜிம் பியூரிக் என்று ஓர் அமெரிக்கர், கிளப்பை மேலே கொண்டு போய் வளையம் போட்டு இறக்குவார். பார்ப்பதற்குச் சிரிப்பு வரும். அவர்தான் 2016-ல் ஒரே சுற்றை 58 அடியில் முடித்தார்!

எனக்குப் பிடித்தவள் கொரியப் பெண் இன்பீ பார்க். அவள் மணிக்கட்டை மடக்குவதே அபூர்வம். கிளப் அவ்வளவு நிதானமாக மேலே போகிறது, பார்க்கிற நமக்கே கொட்டாவி வந்துவிடும்! 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது அந்தச் சோம்பல் வீச்சுத்தான். அழகான வீச்சு வேண்டுமென்றால் மிக்கி ரைட்டின் பழைய படங்களைப் பாருங்கள். 82 பந்தயங்கள் ஜெயித்த அந்த அம்மாளின் வீச்சுக்கு ஈடாக இன்னொன்றைப் பார்த்ததில்லை என்று பென் ஹோகனே சொன்னாராம்.

இவர் படங்களையெல்லாம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் கூடத்தில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் சுவரில் படும்படி நின்றுகொண்டு, குடையைக் கிளப்பாகப் பிடித்துப் பின்னால் கொண்டு போய்க்கொண்டிருந்தார். இது அந்தப் பையன் கொடுத்த வீட்டுப் பாடம். சரியாகத் திரும்பினால் வலது பக்கம் சுவரிலேயே இருக்கும். உடம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலோ, மேலே எழும்பினாலோ வேஷ்டி சுவரில் உரசுவதே காட்டிக் கொடுத்துவிடும். நான் பக்கத்தில் நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு... ம்!" என்று தாளம் சொன்னேன். தேர்ந்த ஆட்டக்காரர்கள் மேலே கொண்டு போக எடுத்துக்கொள்ளும் நேரம், கீழே இறக்கும் நேரத்தைப் போல ஏறத்தாழ 3 மடங்காம். இவருக்கு அதுவரை இரண்டும் ஒரே வேகம்தான்.

"நீ சொன்னால் சரியாக வருகிறது" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வாக்கியம் என் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை!

ஒருநாள் நானும் குடையை வாங்கிப் பார்த்தேன். "அடே, உனக்குத் தோள் நன்றாகத் திரும்புகிறதே!" என்று வியந்தார். திரும்பாமல் என்ன? அந்தக் காலத்தில் ஆறு பேர் துணி துவைத்த தோளல்லவா!

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் போகிறார். 18 குழி இல்லை, 9 குழிதான். முக்கால் வீச்சில் பந்து முன்பைவிடப் பத்துப் பன்னிரண்டு கெஜம் குறைவாகத்தான் போகிறது என்றாலும், போகிற இடம் புல்வெளியாக இருக்கிறது, புதராக இல்லை. டிரைவர் என்கிற அந்த நீள மட்டையைத் தொட டாக்டர் இன்னும் உத்தரவு கொடுக்கவில்லை. அது உறை போட்டபடி கதவு மூலையில் நிற்கிறது. தினமும் அதைத் துடைத்து வைக்கிறார். கூடத்துச் சுவரில் அவர் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறை விழுந்திருக்கிறது. தீபாவளிக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.