தண்டவாளம் போன பிறகு

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் ஆறு இருக்கிறது. அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பன்னிரண்டு எழுத்து. முதல்முறை பார்க்கிற யாரும் சரியாக வாசித்ததாகச் சரித்திரம் இல்லை. உள்ளூர்க்காரர்கள் ‘யாக்ககேனி’ என்கிறார்கள். அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் ‘யாக்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். பூர்வகுடிகள் வைத்த பெயர். ‘எதிர்த்திசையில் ஓடுவது’ என்று பொருள் சொல்கிறார்கள். தெற்கே மலையில் பிறந்து வடக்கு நோக்கி ஓடுகிற ஆறு.

இந்த ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்டிய கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். அறுபத்து நாலு வயதில் சைக்கிளா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் முழங்கால் டாக்டரும் அதையேதான் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள், காரணம் இருக்கிறது.

பிட்ஸ்பர்க் நகரத்தில் என் அக்கா பையன் இருக்கிறான். பதினோரு வருடமாக அங்கே சாஃப்ட்வேர் வேலை. பிட்ஸ்பர்க் என்றதும் உங்களில் பலருக்கு 1970-களில் கட்டிய வெங்கடேஸ்வரா கோயில் ஞாபகம் வரும். பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம் ஊர் அப்பா அம்மாக்களுக்கு அது தவறாத ஸ்டாப்பிங். நானும் போனேன், பெருமாளைச் சேவித்தேன், புளியோதரை சாப்பிட்டேன். நான் போய் இறங்கிய மூன்றாம் நாள் பையனுக்கு வேலை போய்விட்டது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். கம்ப்யூட்டர் திரையில் பதினைந்து நிமிஷப் பேச்சு, அவ்வளவுதான்.

எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 2017-ல் வந்த விதிப்படி அதிகபட்சம் அறுபது நாள் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி அவனுக்காக மனுப்போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், அல்லது மூட்டை கட்ட வேண்டும். வீட்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். அது அங்கேயே பிறந்தது, அமெரிக்கப் பிரஜை. சமையலறைக் காலண்டரில் மருமகள் ஒரு தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காபி போடும்போது எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டோம்.

சனிக்கிழமை காலையில் மருமகள்தான் சொன்னாள்: “ஒரு வாரமா லேப்டாப்பே கதின்னு உட்கார்ந்திருக்கார். எங்கேயாவது கூட்டிட்டுப் போங்களேன்.” பையன் இரண்டு சைக்கிளைக் காரின் முதுகில் மாட்டினான். “மலையெல்லாம் ஏறணுமாடா?” என்றேன். “ஏற வேண்டாம் மாமா. அது ரயில் போன பாதை” என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் என் முழங்காலுக்கு உயிர் வந்தது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது பாருங்கள். அதனால் மலையைக் குடைந்து, பள்ளத்தை நிரப்பி, ஆற்றை ஒட்டியே வளைந்து வளைந்து போகும்படி அந்தக் காலத்து இன்ஜினீயர்கள் சமன் பண்ணி வைத்திருக்கிறார்கள். அவர்கள் ரயிலுக்குச் செய்த உபகாரம் நூறு வருஷம் கழித்து என்னைப் போன்ற கிழவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பாதையின் பெயர் கிரேட் அலகேனி பாசேஜ். மேரிலாண்டில் உள்ள கம்பர்லண்டில் தொடங்கி பிட்ஸ்பர்க்கில் ஆறுகள் கூடும் முனை வரை 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். கார், பைக் எதுவும் நுழைய முடியாது. நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் மிதிக்கலாம். டிக்கெட் கிடையாது. தார் ரோடு இல்லை, பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லைப் பொடித்துக் கெட்டிப்படுத்திய தரை. டயர் போகும்போது ‘சரசர’வென்று ஒரு சத்தம் கூடவே வரும். தெம்பு இருந்தால் கம்பர்லண்டிலிருந்து பழைய கால்வாய்க் கரையைப் பிடித்து இன்னும் 184.5 மைல் போய் வாஷிங்டனில் இறங்கலாம். எங்களுக்கு அவ்வளவு தெம்பு இல்லை. வெஸ்ட் நியூட்டன் என்கிற சின்ன ஊரில் தொடங்கி, ஆற்றை எதிர்த்துப் பத்து மைல் போய்த் திரும்புவதாகத் திட்டம்.

வெஸ்ட் நியூட்டனில் மூவாயிரம் பேர்கூட இல்லை. ஊர் ஆற்றுக்கு அந்தக் கரை, பாதை இந்தக் கரை, நடுவே பாலம். பாதையோரத்தில் பழைய ரயில் ஸ்டேஷன் மாதிரியே ஒரு கட்டடம் கட்டி அதில் தகவல் நிலையம் வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷன் இருக்கிறது, ரயில் இல்லை. 1788-ல் ரூஃபஸ் புட்னம் என்பவர் தலைமையில் ஒரு கூட்டம் இந்த ஊர்க் கரையில் படகு கட்டி, ஆற்றோடு போய் ஒஹாயோவில் மரியட்டா என்கிற ஊரை உண்டாக்கியது. மொத்தம் நாற்பத்தெட்டு பேர். ஆக, இந்த ஊரின் ஆதி தொழிலே ஆளை வழியனுப்புவதுதான்.

அக்டோபர் மாதம். இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் பழுத்து, மிதிக்க மிதிக்கத் தலைமேல் உதிர்கிறது. பக்கத்தில் ஆறு சாவகாசமாக எதிரே வருகிறது. பின்னாலிருந்து வருபவர்கள் மணியடித்து, “ஆன் யுவர் லெஃப்ட்!” என்று குரல் கொடுத்துவிட்டு இடது பக்கமாக முந்திப் போகிறார்கள். ‘உன் இடதுபுறம் வருகிறேன், பதறாதே’ என்று அர்த்தம். முந்துவதற்கு முன்னால் தகவல் சொல்லும் மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு மைலுக்கும் ஒரு மைல்கல். என்னைவிட மூத்த ஒரு பாட்டி முந்திப் போனதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

“இந்த ரயில் எதுக்கு ஓடிச்சு?” என்று கேட்டேன். நிலக்கரிக்கும் கோக்குக்கும். கோக் என்றால் குடிக்கிற கோக் அல்ல. நிலக்கரியைச் சூளையில் வைத்துப் புகை, வாயு எல்லாம் போக வேகவைத்தால் கிடைக்கிற கெட்டி எரிபொருள். இரும்பு உருக்க அதுதான் வேண்டும். மேலே கானல்ஸ்வில் வட்டாரத்துக் கோக் உலகப் பிரசித்தம். அதை எரித்துத்தான் பிட்ஸ்பர்க் எஃகு நகரமானது. 1980-களில் எஃகு ஆலைகள் வரிசையாக மூடின. ஆலை இல்லையென்றால் கோக் எதற்கு, கோக் இல்லையென்றால் ரயில் எதற்கு? இந்தப் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் கதை முடிந்தது.

இங்கேதான் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ரயில் நின்றுபோனால் தண்டவாளத்தைப் பிடுங்கிக் காயலான் கடைக்குப் போடுவார்கள். பாதை என்ன ஆகும்? அமெரிக்காவில் பல இடங்களில் ரயில் கம்பெனிக்கு நிலம் சொந்தமில்லை, அதன்மேல் ரயில் விடுகிற உரிமை மட்டும்தான். ரயில் நின்றால் ஆளுக்கொரு துண்டாகப் பக்கத்து நிலக்காரர்களிடம் திரும்பிப் போய்விடும். ஒரு முறை துண்டாகிவிட்டால் போச்சு. யார் வந்தாலும் மறுபடி ஒட்டவைக்க முடியாது. வரப்புத் தகராறு பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் 1983-ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நின்றுபோன ரயில் பாதையை என்றைக்காவது ரயிலுக்குத் தேவைப்படலாம் என்று அப்படியே பத்திரப்படுத்தலாம். அதுவரை ஜனங்கள் நடக்கட்டும், சைக்கிள் விடட்டும். நிலக்காரர்கள் விடவில்லை, வழக்குப் போட்டார்கள். 1990-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நஷ்டஈடு கேட்கும் வழியையும் அவர்களுக்குத் திறந்துவைத்தது. நாங்கள் ஓட்டிய பாதை எல்லாமே அந்தச் சட்டத்தால் வந்ததல்ல. இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டாகச் சேர்த்தது. ஒஹாயோபைல் என்கிற ஊரில் முதல் துண்டு திறந்தது 1986-ல். கடைசித் துண்டு முடிந்தது 2013-ல். இருபத்தேழு வருஷம்.

“ரயில் வராதுன்னு எல்லாருக்கும் தெரியும் மாமா. ஆனா வரலாம்னு சட்டத்துல எழுதி வச்சிருக்காங்க” என்றான் பையன். அந்த ஒரு வாரத்தில் அவனாக வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல்முறை.

எட்டு மைல் தாண்டினால் வான் மீட்டர். ஊர் என்று சொல்ல நாலு வீடு. இறங்கி நின்றோம். பாதைக்கு மேலே மரம் அடர்ந்த சரிவு. அதற்குள்தான் டார் சுரங்கம் இருந்தது. 1907 டிசம்பர் 19 காலை பதினொன்றரை மணி வாக்கில் உள்ளே வெடித்தது. 239 பேர் செத்துப்போனார்கள். பெரியவர்களும் உண்டு, பையன்களும் உண்டு. பென்சில்வேனியாவின் சுரங்க விபத்துகளில் இதைவிடப் பெரியது இல்லை. ஹங்கேரியிலிருந்தும் இன்னும் பல நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அதில் நிறைய.

அந்த மாதம் 1-ம் தேதி பக்கத்தில் நயோமி சுரங்கம் வெடித்து 34 பேர் இறந்தார்கள். 6-ம் தேதி மேற்கு வர்ஜீனியாவில் மோனங்கா சுரங்கம். அங்கே அரசுக் கணக்கிலேயே 362 பேர். நயோமியை மூடியதும் அங்கே பிழைத்தவர்களில் சிலர் வேலை தேடி டாருக்கு வந்திருந்தார்கள். இரண்டே வாரம் கழித்து இங்கே செத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று இருநூறு பேர் வரை வேலைக்கே வரவில்லை. கிழக்கு ஐரோப்பாவின் கார்பாத்திய மலைப்பக்கத்திலிருந்து வந்தவர்கள். பழைய ஜூலியன் காலண்டர்படி அன்றுதான் செயிண்ட் நிக்கோலஸ் திருநாள். கூலி போனாலும் பரவாயில்லை என்று சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். ஊர்ப்பண்டிகையை விடாததால் உயிர் தப்பியவர்கள்.

இறந்தவர் குடும்பங்களுக்குச் சட்டப்படி நஷ்டஈடு என்று எதுவும் அப்போது கிடையாது. பென்சில்வேனியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்ததே 1915-ல். சுரங்கப் பாதுகாப்புக்கென்று மத்திய அரசு தனி அமைப்பு ஏற்படுத்தியது 1910-ல். எல்லாம் இவர்கள் போன பிறகு வந்தவை.

இன்னும் இரண்டு மைலில் விட்செட். சுரங்கத் தொழிலாளர்களுக்காக எழுந்த ஊர். இந்த மாதிரி ஊர்களை இங்கே ‘கோல் பேட்ச்’ என்கிறார்கள். அந்தக் காலத்தில் வீடு கம்பெனியுடையது, பல இடங்களில் மளிகைக் கடையும் கம்பெனியுடையது. வேலை போனால் வீட்டையும் காலி பண்ண வேண்டும். பையன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். “இவங்களுக்கு வேலை போனா வீடு போச்சு. எங்களுக்கு நாடு போகுது.” பிறகு, “ஊருக்கே வந்துரட்டுமா மாமா?” என்றான்.

உடனே பதில் சொல்லக்கூடிய கேள்வியா அது? வா என்றால் பதினோரு வருட உழைப்பை விடச் சொன்ன மாதிரி. இரு என்றால் அக்காவுக்கு யார் பதில் சொல்வது? எழுபது வயதில் திருச்சியில் தனியாக இருக்கிறாள். “வரணும்னு தோணினா வாடா, வீடு இருக்கு. காலண்டர் விரட்டுதுன்னு மட்டும் வராதே” என்றேன்.

அவன் பதில் சொல்வதற்குள் எதிர்க்கரையில் ஹாரன் சத்தம். அந்தக் கரையில் தண்டவாளம் இன்னும் உயிரோடு இருக்கிறது, சரக்கு ரயில் ஓடுகிறது. சின்ன வயதில் என் சைக்கிள் பாரில் உட்கார்ந்து லெவல் கிராசிங்கில் கூட்ஸ் வண்டிப் பெட்டிகளை எண்ணுவான். இப்போதும் எண்ண ஆரம்பித்தான், சத்தமாக. நானும் சேர்ந்துகொண்டேன். நான் 109 என்றேன், அவன் 112 என்று சாதித்தான். திரும்பும் வழி முழுக்க அந்தச் சண்டைதான்.

அவனுக்கு ஐம்பத்து மூன்றாம் நாள் வேறு வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, ஊர் மாற வேண்டும். ஒஹாயோவில் கொலம்பஸ். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் மாற்றம். வீட்டை விற்பதில் நஷ்டம். ஆனாலும் சந்தோஷமாகத்தான் போன் பண்ணினான். ஊருக்கு வருகிற பேச்சு முடிந்துபோனதா, தள்ளிப்போனதா என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அக்கா கேட்டாள். தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ அந்தப் பக்கம் இருந்தால், கோயிலுக்குப் போனதுபோக ஒரு பகலை இந்தப் பாதைக்கு ஒதுக்குங்கள். தண்ணீர் பாட்டில், தயிர்சாதம், ஒரு தொப்பி போதும். சைக்கிள் வராவிட்டால் நடங்கள், முழங்கால் ஒன்றும் சொல்லாது. ஓரத்தில் சில இடங்களில் ஓடைத் தண்ணீர் ஆரஞ்சு நிறத்தில் கசிவதைப் பார்ப்பீர்கள். மூடிப்போன சுரங்கத்துக்குள் கந்தகமும் இரும்பும் கலந்த பாறை, காற்றும் நீரும் பட்டுக் கரைந்து இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. வான் மீட்டரில் இரண்டு நிமிஷம் இறங்கி நில்லுங்கள். கார் இருந்தால் பக்கத்தில் ஆலிவ் பிராஞ்ச் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். டார் சுரங்கத்துக்காரர்கள் 71 பேர் அங்கே இருக்கிறார்கள். அதில் 49 பேர் ஒரே குழியில். அவர்கள் யார் யார் என்று அடையாளமே தெரியவில்லை. எந்த ஊரிலோ அவர்களுக்கும் ஓர் அக்கா காத்திருந்திருப்பாள்.