ஆரஞ்சு நிறம்

அப்பாவின் தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது உள்ளேயிருந்து மாத்திரைகள் உருண்டன. எண்ணினேன், பன்னிரண்டு. ஒரு நாளைக்கு நான்கு, ஆக மூன்று நாள் கணக்கு. பழைய பார்க்கின்சன் மாத்திரையை ஒழுங்காக விழுங்கிவிட்டு, புதிதாகச் சேர்த்ததை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறார்.

"ஏம்ப்பா?"

ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னார். "ஒண்ணுக்கு ரத்தமா போகுது பாப்பா. கிட்னி போயிடுச்சு போல. சொன்னா ஆஸ்பத்திரில சேர்த்துடுவீங்க."

அது ரத்தம் இல்லை. என்டகாபோன் சாப்பிட்டால் சிறுநீர் செம்பழுப்பாகப் போகலாம், அந்த நிறத்தால் கெடுதல் ஒன்றுமில்லை. டாக்டரிடம் போனில் கேட்டபோது சாதாரணமாகச் சொன்னார். எழுதிக் கொடுத்த அன்றே சொல்லியிருக்கலாம். அவரை மட்டும் திட்டி என்ன, பெட்டிக்குள் மடித்திருந்த தாளிலும் அது இருந்தது. நான் பிரித்தே பார்க்கவில்லை. எழுபது வயது மனுஷர் மூன்று நாள் தனியாகச் சாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார், பக்கத்து அறையில் நான் சீரிஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். மூளையில் குறைவது டோபமைன். அதை நேரடியாகக் கொடுத்தால் மூளையின் வாசலைத் தாண்டாது. அதனால் லெவோடோபாவாகக் கொடுக்கிறார்கள், அது உள்ளே போய் டோபமைனாக மாறும். வழியிலேயே மாற்றிவிடக் காத்திருக்கும் ஒரு நொதியைக் கார்பிடோபா தடுக்கும். அந்தக் கதவை அடைத்தால் கோம்ட் என்ற இன்னொரு நொதி அடுத்த பக்கம் வந்து லெவோடோபாவைப் பாழாக்கும். அதைத் தடுப்பதுதான் என்டகாபோன், வேளைக்கு 200 மில்லிகிராம். தனியாகப் போட்டால் நோய்க்கு எந்தப் பிரயோஜனமும் கிடையாது. கூடவே போய் இன்னொரு மருந்துக்குக் காவல் நிற்பது மட்டும்தான் அதன் வேலை. நோயைக் குணமாக்காது, நிறுத்தவும் நிறுத்தாது. ஆய்வுகளில் சராசரியாகக் கிடைத்த லாபம், உடம்பு சொன்னபடி கேட்கும் நேரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி கூடுதல்.

ஒரு மணி நேரம்தானா என்று முதலில் எரிச்சலாக இருந்தது.

திரும்ப ஆரம்பித்த முதல் வாரம் கை கால் தேவையில்லாமல் நெளிந்தது. இப்போது லெவோடோபா கூடுதல் நேரம் தங்குகிறது, அதனால் அதன் அளவைக் கொஞ்சம் குறைத்தார் டாக்டர். பாசத்தில் மாத்திரையோடு சேர்த்தே அவித்த முட்டை கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், புரதமும் அந்த மருந்தும் உள்ளே போக ஒரே வழிக்குத்தான் முட்டிமோதும் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "முட்டை என்னடி பண்ணும்?" இப்போது முட்டை சாயங்காலம்.

அப்பா அந்த நேரத்தை எதற்குச் செலவழிக்கிறார் தெரியுமா? சவரத்துக்கு. இரண்டு வருஷமாக நான்தான் செய்துவிட்டேன், கண்ணை மூடிக்கொண்டே இருப்பார். இப்போது கண்ணாடியைச் சன்னல் பக்கம் சாய்த்துவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, அரை மணி நேரம். தாடையில் எப்போதும் ஒரு திட்டு விட்டுப்போகும். நான் சொல்வதில்லை.

மாத்திரை போட்டீங்களா என்று கேட்கவும் வேண்டாம். பாத்ரூமிலிருந்து அவரே குரல் கொடுப்பார்: "பாப்பா, ஃபேன்டா வந்துடுச்சு!"